வினிஃப்ரெட் அம்மாள் கையுறை வாங்குகிறார்

புட்டியின் தக்கையைப் பல்லால் கடித்துத் திறந்து, உலகப்பச் செட்டியாரின் கண்ணெதிரிலேயே, அவர் கடைத் தோல் கையுறையின் மேல் கடல் தண்ணீரை ஊற்றுகிறார் வினிஃப்ரெட் அம்மாள். ஒரு சொட்டுகூட மேஜையில் சிந்துவதில்லை. செட்டியார், "அட முருகா!" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார். அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. நனைந்த கையுறையை மாட்டி, விரல்களை மடக்கி, விரித்து, மறுபடியும் மடக்கிப் பார்க்கிறார்.

"கடல்ல போடப் போற சாமான கடல் தண்ணில நனைச்சுப் பார்க்காம எப்படி வாங்குறது, செட்டியாரே? சட்டை வாங்கறவங்க போட்டுப் பார்க்கறாங்க இல்ல?"

"சட்டைய யாரும் நனைச்சுப் பார்க்கறதில்லம்மா."

"நான் பார்ப்பேன். சாயம் போச்சுன்னா?"

இந்த வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. அதனால்தான் ஜோடி தவறிப்போன ஒற்றைக் கையுறைகளை எல்லாம் ஒரு பிஸ்கோத்து டின்னில் போட்டு, அம்மாளுக்கென்றே தனியாக வைத்திருக்கிறார். வினிஃப்ரெட் அம்மாள் அதிலிருந்து ஒன்றை எடுத்து, நனைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் காயப்போட்டு, அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவருவார். செட்டியாரின் காதருகே வைத்து மடக்குவார். நொறுக்கென்று சத்தம் கேட்டால், அந்த ஜாதிக் கையுறை முழுவதும் தள்ளுபடி. "கேட்டீங்களா? அப்பளம்!" என்பார். செட்டியாரும் பாவம், கேட்டதாகத் தலையாட்டுவார்.

மலாயாவில் மூவார் ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில், படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இந்தக் கடை. குடை, தொப்பி, காலுறை, சவரக் கத்தி என்று சிங்கப்பூர்க் கப்பலில் வந்து இறங்குகிறதெல்லாம் அங்கே கிடைக்கும். ஜெட்டியை ஒட்டிய கப்பல் ஆபீஸ் ஒன்றில் நான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. பிடிக்கிறவர்களை வேடிக்கை பார்க்க நன்றாகத் தெரியும். அதற்கு வசதியாக என் மேஜைக்கு எதிரே ஒரு பெரிய ஜன்னலும் இருக்கிறது. அந்த ஜன்னல் வழியாகத்தான் வினிஃப்ரெட் அம்மாள் எனக்குப் பழக்கமானார்.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டால், "மாதாவுக்குத்தான் தெரியும்" என்பார். ஒல்லியான உடம்பு, ஓட்டமான நடை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, மலாய்க்காரர்கள் வயலில் போட்டுக்கொள்கிற ஓலைத் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, சைக்கிளில் வருவார். கைப்பிடியில் ஒரு பக்கம் இரைக்கான இறால் டின், மறுபக்கம் குடை. எதிரே மாட்டு வண்டி வந்தால் மணி அடிக்கமாட்டார், "ஓரம் போங்க, ஓரம் போங்க, இறால் சாவுது!" என்று சத்தம் போடுவார். மாடு ஒதுங்கும்.

பிழைப்பு ஊசி வேலை. மாதா கோயிலில் பாதிரியார் பூசைக்குப் போட்டுக்கொள்கிற உடுப்புகளுக்குப் பட்டு நூலாலும் ஜரிகையாலும் பூவேலை செய்து கொடுப்பவர் இவர்தான். வேலையைக் கொடுப்பது கன்னியர் மடத்துத் தலைவியான மதர். ஊசிக்கும் தூண்டிலுக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"என்ன பெரிய வித்தியாசம் தம்பி? ஒண்ணு நேரா இருக்கு, ஒண்ணு வளஞ்சிருக்கு. அவ்ளோதான் லா."

ஆனால் அவ்வளவுதான் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பட்டு பொல்லாதது. கையில் கடுகளவு சொரசொரப்பு இருந்தாலும், இழை அதைப் பிடித்துக்கொண்டு உருவிக்கொண்டு வந்துவிடும். தூண்டில் நூலோ அதைவிடப் பொல்லாதது. வினிஃப்ரெட் அம்மாளுக்குக் கழி வைத்த தூண்டில் ஆகாது. வெறும் நூலைக் கையில் சுற்றிப் பிடிக்கிற கைத்தூண்டில்தான் வேண்டும். உப்பில் ஊறிய முறுக்கு நூலை மீன் இழுத்துக்கொண்டு ஓடினால், விரல் வாழைத்தண்டு அறுபடுவது போல அறுபடும். பட்டுக்கு வேண்டிய கையைத் தூண்டில் விட்டுவைக்காது. அதனால்தான் கையுறை.

கையுறை என்றால் அவருக்கு ஒரே கையுறை அல்ல. அவர் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் ஆணி ஆணியாக அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். முள் நிறைந்த டுரியான் பழம் உரிக்கச் சாக்குத் துணியில் தைத்தது ஒன்று. மடத்து வேலியில் காகிதப்பூச் செடி வெட்ட, முழங்கை வரைக்கும் நீண்ட கித்தான் கையுறை ஒன்று. வெயிலில் சுடுகிற சைக்கிள் கைப்பிடிக்கு மெல்லிய துணியில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வெள்ளைப் பருத்தியில் ஒன்று. முதல் தடவை அந்தச் சுவரைப் பார்த்தபோது, இந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டேன்.

"நான் ஒருத்திதான். வேலைதான் நிறைய" என்றார்.

அந்தச் சுவரில் நெடுநாளாக ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது. அது கடல் மீனுக்கான ஆணி.

இனி, ஊசிக்கும் தூண்டிலுக்கும் உள்ள சண்டையின் மூலத்தைச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு, இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம். இறைச்சி கூடாது. மற்றவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிற அந்த நாற்பது நாளும் வினிஃப்ரெட் அம்மாளுக்குக் கொண்டாட்டம். "ஊர்ல ஒருத்தரும் இறைச்சி தொடமாட்டாங்க. அப்ப மீனு வேணுமில்ல? நான் தூண்டில் போடறது விளையாட்டில்ல தம்பி, தவம்" என்பார். தவம் செய்கிறவர் முகத்தில் அத்தனை சிரிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாஸ்கு எப்போதும் ஒரு பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். பௌர்ணமிக்குக் கடல் ஏறி, ஆற்று முகத்தில் வெள்ளம் பெருகும். வெள்ளத்தோடு பெரிய கொடுவா மீன்கள் உள்ளே ஏறும். ஆக, திருநாள் பூசை உடுப்பின் கடைசி ஜரிகையைத் தைத்து முடிக்க வேண்டிய பரிசுத்த வாரமும், வருஷத்திலேயே பெரிய கொடுவா வருகிற வாரமும் ஒன்றேதான். எங்கள் முருகனுக்குப் பன்னிரண்டு கை, அவர் சமாளிப்பார், உங்களுக்கு இரண்டே கையாயிற்றே என்றேன்.

"வேணாம்பா. பன்னெண்டு கைக்குக் கையுறை வாங்கினா செட்டியார் கடை தாங்காது."

போன வருஷம் அந்த இரண்டு கையும் மோதிக்கொண்டன. கையுறை இல்லாமல் ஜெட்டிக்குப் போய், ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டு வந்து, ஆறிவிட்டது என்று எண்ணி வெள்ளைப் பட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு சொட்டு ரத்தம் விழுந்துவிட்டது. கழுவினால் பரவும். யோசித்தார், கறையின் மேல் ஒரு ஜரிகை இலையைத் தைத்துவிட்டார். உடுப்பின் முதுகில் தைத்த சிலுவையின் வலது பக்கத்துக் கொடியில் இலை ஒன்று கூடிப்போயிற்று. ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. பாதிரியார் முதுகுப்புறத்தைப் பாதிரியாருக்கே தெரியாது. மதர் மட்டும் பூசை முழுவதும் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் துணியைக் கொடுக்கும்போதே மதர் சொல்லிவிட்டார்: "வினிஃப்ரெட், கையில் ஒரு கீறல் பார்த்தேனோ, உடுப்பு சிங்கப்பூருக்குப் போகும். அங்கே மிஷினில் தைக்கிறார்கள். மிஷின் மீன் பிடிக்கப் போகாது." தபசு தொடங்கியதிலிருந்து திங்கட்கிழமைதோறும் மடத்து வாசலில் வினிஃப்ரெட் அம்மாள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டி வந்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நகம் காட்டுவது போல.

என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்த அம்மாள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "இருவது வருஷமா பாஸ்குப் பூசையில ஃபாதர் முதுகுல இருக்கிறது என் சிலுவை தம்பி. வேற யாரோ தைச்சதப் பார்த்துகிட்டு நான் எப்படி முழங்கால் போடுவேன்?" பிறகு ஆற்றைப் பார்த்தார். "மீனையும் விட முடியலயே. என்ன செய்யச் சொல்றீங்க?"

மீனை விடுங்கள் என்று யாரும் சொல்லிவிடலாம். நான் சொல்லவில்லை. அவர் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது பார்த்தவர்களுக்குச் சொல்ல வாய் வராது.

அதனால் இந்தத் தபசில் கையுறைப் பரீட்சை மும்முரமாக நடந்தது. துரைமார் மோட்டார் ஓட்டப் போட்டுக்கொள்ளும் தோல் கையுறை, முன்னே சொன்னபடி, அப்பளமாயிற்று. ஆஸ்பத்திரி ரப்பர் கையுறையில் மீன் வழுக்கியது. கெளுத்தி மீன் முள் ஒரே குத்தில் உள்ளே வந்தது. போதாததற்கு வியர்வையில் விரல் வெந்து சுருங்கிற்று. "சோறு வடிச்ச கை மாதிரி ஆயிடுச்சு, இத வெச்சு பட்ட தொடுறதா?" என்று அதையும் தள்ளினார்.

வெள்ளைப் பருத்தியில் ஒரு ஜோடி வாங்கி மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை அவசரத்தில் சுவரிலிருந்து பூசைக் கையுறைக்குப் பதில் இறால் நாற்றம் ஏறிய இந்தக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். பாதிப் பிரசங்கத்தில் ஒரு பூனை நடு வழியாக நிதானமாக நடந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. உபதேசியார் துரத்தத் துரத்த அவை திரும்பி வந்தன. முன் வரிசைப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் என்ன செய்ய? ஜெபம் பண்ணற மாதிரி கைய முகத்துகிட்ட வெச்சு நானே மூக்க மூடிக்கிட்டேன். அலமாக், அது இன்னும் மோசம்!" என்றார். அன்றோடு வெள்ளைப் பருத்தியும் ஒழிந்தது.

பிஸ்கோத்து டின் காலியாயிற்று. பாஸ்குக்கு ஒரு வாரம் முந்தின குருத்தோலை ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. வினிஃப்ரெட் அம்மாள் கடையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்க்கச் செட்டியாருக்கே பொறுக்கவில்லை போலும். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தார்.

அந்தப் பெட்டியின் கதை ஊரறிந்தது. சிங்கப்பூரில் கேட்பாரற்ற சரக்கு ஏலத்தில், திறந்து பார்க்காமலே, கனத்தை மட்டும் தூக்கிப் பார்த்துக் கம்பளிப் போர்வை என்று நம்பிச் செட்டியார் எடுத்த பெட்டி. திறந்தால் உள்ளே அத்தனையும் கம்பளிக் கையுறை. வியர்வை வழிய வழிய நடமாடும் மூவாரில், பனி நாட்டுக் கையுறை! யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று அவர் பார்க்காத ஆள் இல்லை. என்னிடம்கூட ஒரு ஜோடியை நீட்டி, "கிராணியாரே, கையெழுத்து நல்லா வரும்" என்றார்.

வினிஃப்ரெட் அம்மாள் ஒன்றை எடுத்து நனைத்தார். மடக்கினார். காயவைத்து மறுநாள் கொண்டுவந்து செட்டியாரின் காதருகே மடக்கினார். சத்தமே இல்லை. பாசார் சந்தையிலிருந்து ஒரு மீனை வாங்கி வந்து கடையிலேயே பிடித்துப் பார்த்தார். கம்பளி ஈரமாக ஆக மீனை விடாமல் பற்றியது. உள்ளே கை நனைந்தும் வேகவில்லை, மிருதுவாகவே இருந்தது.

"இத ஏன் செட்டியாரே இத்தன நாளா ஒளிச்சு வெச்சீங்க?"

"மானக்கேடு, அம்மா" என்றார் செட்டியார்.

அம்மாள் நூல் ஓடுகிற இடத்தில், உள்ளங்கையிலும் ஆள்காட்டி விரலிலும், பழைய தோல் கையுறையின் துண்டை வைத்துத் தைத்தார். இன்னும் ஒரு சிக்கல் பாக்கி: கையுறைக்குள் இருக்கிற விரலுக்கு மீன் இரையைத் தொடுவது தெரியாது. அதற்கு இடது கையுறையின் சுண்டுவிரல் நுனியை மட்டும் வெட்டித் திறந்துவிட்டார். "சுண்டுவிரலுக்குப் பட்டு வேலைல பங்கே கிடையாது தம்பி. சும்மா கூட வருது. அதுவும் கொஞ்சம் சம்பாதிக்கட்டும்" என்றார்.

சாம்பல் நிறக் கம்பளிக் கையுறையோடு ஜெட்டியில் உட்கார்ந்த முதல் நாள், சம்பான்காரர்கள் எல்லாரும் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "செஜுக் கா, மக்சிக்?" குளிருகிறதா அம்மா என்று கேட்டார்கள். "செஜுக், செஜுக்!" என்று அம்மாளும் தோளைக் குலுக்கி நடுங்கிக் காட்டினார். அவர்களைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை மதர் அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. உடுப்பில் சிலுவையின் உச்சிக் கொடி மட்டும்தான் பாக்கி என்றும், சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்றும் எனக்குச் செய்தி வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசை விட்டு இறங்கி, கையில் காப்பிக் குவளையோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். வெள்ளம் ஜெட்டிக் கால்களில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாளின் சுண்டுவிரல் மட்டும் நூலின் மேல் இருந்தது. அது ஒரு முறை துடித்தது. மறு நிமிஷம் அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுக்கிறார். ஆற்றின் நடுவில் ஒரு கொடுவா பக்கவாட்டில் துள்ளி, முழு உடம்பையும் காட்டிவிட்டு விழுகிறது. சம்பான்காரர்கள் கூவினார்கள். நானும் கூவினேன் என்று பிறகு சொன்னார்கள்.

கம்பளிக் கையுறை தன் வேலையைச் செய்தது. நூல் ஓடியது, நின்றது, திரும்பி வந்தது. மீன் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போதுதான் அந்தத் தப்பு வெளிப்பட்டது. உப்புத் தண்ணீரில் நனைத்து, மீன் முள்ளில் குத்தி, காதருகே மடக்கி எல்லாம் பார்த்தவர், தூண்டில் முள்ளை மட்டும் கம்பளியில் வைத்துப் பார்க்கவில்லை. அவர் நூலில் இரண்டு முள் உண்டு. மேல் முள் தண்ணீரை விட்டு வந்து, இடது கையுறையின் மணிக்கட்டுக் கம்பளியில் நன்றாக மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மீன் திரும்பி ஓடிற்று. ஈரத்தில் நெகிழ்ந்திருந்த கையுறை சருக்கென்று கழன்று நூலோடு ஆற்றில் போயிற்று.

அம்மாள் ஒரு கணம் தன் வெறும் இடது கையைப் பார்த்தார். வலது கையுறைக்குள் நூல் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் நிறுத்த முடியாது. இடது கை தானாகவே நூலை நோக்கிப் போனது. பாதி வழியில் அதைப் பிடுங்கிக்கொள்வது போல இழுத்து, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"தம்பி! பிடிங்க!"

"என் கையில ஒண்ணுமே இல்லையே அக்கா!"

"அதான் வேணும்! உங்க கை பட்டையா தொடப் போகுது? பேனாதான தொடப் போகுது! பிடிங்க லா!"

காப்பிக் குவளை ஆற்றில் விழுந்தது. நூலைப் பிடித்தேன். அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கு நினைவில்லை. என் உள்ளங்கையில் நெருப்பு ஓடியது. அம்மாள் வலது கையால் இழுத்துக்கொண்டே, "விடாதீங்க, விட்டா பேசமாட்டேன், நல்ல தம்பி, விடாதீங்க" என்று மிரட்டலும் கொஞ்சலுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் விடவில்லை. ஒரு சம்பான்காரர் கீழேயிருந்து வலைக் கூடையை நீட்டி வாரித் தூக்கினார். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கொடுவா அது. அதற்கு ஒரு முழம் மேலே, மேல் முள்ளில் மாட்டிக்கொண்டு சாம்பல் நிறக் கையுறையும் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது.

வினிஃப்ரெட் அம்மாள் மீனைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார். உள்ளங்கை, ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து குறுக்கே பிளந்திருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அதற்காக இரக்கம் காட்டினார் என்று எண்ணிவிடாதீர்கள். புட்டியைத் திறந்து பாக்கியிருந்த கடல் தண்ணீர் முழுவதையும் காயத்தில் ஊற்றினார். "கத்தாதீங்க, இது நல்லது. ஆம்பளை இல்ல?" என்று சொல்லிக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினார். பாதி மீன் அன்றே மடத்துக்குப் போயிற்று. மீன் தலை என் வீட்டுக்கு வந்தது. ஒரு வாரம் பேனா பிடிக்க முடியாமல் நான் ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு தனிக் கதை.

பாஸ்கு ஞாயிறு காலை என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் கோயில் வாசலோரம் நின்றுகொண்டேன். பாதிரியார் பீடத்தை நோக்கித் திரும்பியதும் அந்த வெள்ளைப் பட்டு முதுகில் சிலுவை தெரிந்தது. இரு பக்கக் கொடியிலும் இலைகள் சரிசமமாக இருந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜரிகை அசைய அசைய மின்னியது. எனக்கு அந்த வேலையின் நுணுக்கம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நானே தைத்தது போல ஒரு கர்வம் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? முழங்காலில் இருந்த வினிஃப்ரெட் அம்மாள் மட்டும் தலையைத் தூக்கவேயில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. உலகப்பச் செட்டியாரும் எங்கிருந்தோ வந்து, கம்பளிக் கையுறைக்கு ஆறு சம்பான்காரர்கள் சொல்லிவைத்திருப்பதாக என் காதில் சொன்னார். கூட்டம் விலகியது. மதர் வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை ஊர் கண்டதில்லை. நேராக வினிஃப்ரெட் அம்மாளின் முன்னால் வந்து நின்று, "இந்த வருஷம் உன் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும், வினிஃப்ரெட்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

வினிஃப்ரெட் அம்மாள் தன் கையைக் கொடுக்கவில்லை. பின்னால் திரும்பி, கட்டுப் போட்ட என் கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்து, மதரின் கைகளுக்குள் வைத்தார்.